மண்ணுக்குள் மறைந்த பகை

வேடன் பறவைக்கு வைக்கும் சுருக்குக் கயிற்றுக்குக் கண்ணி என்று பெயர். தானியத்தை இறைத்து, கயிற்றை மண்ணில் மறைத்து, அவன் புதரோரம் பதுங்கியிருப்பான். இந்தப் பழஞ்சொல்லையே ஒரு புதிய கொடுமைக்கும் பெயராக வைத்துக் கண்ணிவெடி என்று வழங்குகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் எத்தனையோ ராணுவச் சொற்களுக்குத் தமிழ் தேடித் தவித்ததுண்டு, இச்சொல்லுக்காகத் தவித்ததில்லை. ஆயினும் பெயரில் உள்ள ஒற்றுமை செயலில் இல்லை. வேடன் கண்ணியின் அருகிலேயே இருப்பான். அகப்பட்டது காட்டுப் புறாவா, அண்டை வீட்டுக் கோழியா என்று பார்ப்பான். பொழுது சாய்ந்ததும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவான். கண்ணிவெடியைப் புதைத்தவனோ போய்விடுகிறான். போர் ஓய்ந்தது, சமாதானம் கையெழுத்தாயிற்று என்ற செய்தி மண்ணுக்குள் கிடக்கும் வெடிக்கு எட்டுவதில்லை. முப்பது ஆண்டு கழித்து விறகு பொறுக்க வரும் சிறுமியும் அதற்குப் பகைவன்தான்.

நாம் வசிப்பது லோத்குண்டாவில். தெலுங்கில் இப்பெயருக்கு ஆழமான குட்டை என்பது பொருள். 1806-ம் ஆண்டில் ஏற்பட்ட சிகந்தராபாத் ராணுவக் குடியிருப்பின் வடபுறத்தை ஒட்டிய பகுதி இது. பழைய சென்னை ராணுவத்தைத் தொடர்ந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் இங்கு மிகுதி. எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் அத்தகையவர். ராணுவப் பொறியாளர் பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

1987-ம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. 1990-ம் ஆண்டு மார்ச்சில் திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில் 1,100-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் அங்கு உயிர் துறந்தனர். நம் பெரியவர் யாழ்ப்பாணத்துப் பனந்தோப்பு ஒன்றின் ஒழுங்கையில் காலை இழந்தார். பிறகு புனேயில் உள்ள ராணுவச் செயற்கை உறுப்பு நிலையத்தில் மறுகால் பெற்று, ஊர் வந்து சேர்ந்தார். அவர் தம் கதையை அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும் நம்மிடம் சொன்னார்: "தம்பி, அந்த வெடியை எனக்கென்று யாரும் வைக்கவில்லை. வருகிறவன் எவனாயினும் சரி என்று வைத்தார்கள். அன்று நான் மிதிக்காமல் போயிருந்தால், பின்னாலே தண்ணீருக்கு வந்த கிழவி மிதித்திருப்பாள்."

போர்ச் சட்ட நிபுணர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். போரிடுவோன் வேறு, போரிடாதோன் வேறு என்று பிரித்தறிய வேண்டும் என்பது போர் அறத்தின் முதற்பாடம். அவ்வாறு பிரித்தறிய இயலாத ஆயுதம் கண்ணிவெடி. அதை உலகத்திலிருந்தே அகற்ற வேண்டும் என்று புறப்பட்டவர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1862-ம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தென்பகுதிப் படைத்தலைவர் கேப்ரியல் ரெய்ன்ஸ் என்பவர் பின்வாங்கிச் செல்லும் வழியில் மிதித்தால் வெடிக்கும் குண்டுகளைப் புதைத்து வைத்தார். இது முறையான போர் அன்று என்று அவருடைய மேலதிகாரியே தடை விதித்தார். அந்தக் கூச்சம் நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி சாதாரண ஆயுதமாகிவிட்டது. அப்போரில் விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்திய அதிகாரியான பிரேமிந்திர சிங் பகத், அவ்விருதைப் பெற்றது எதிரியைக் கொன்றதற்காக அன்று, கண்ணிவெடிகளை அகற்றியதற்காக. 1941-ம் ஆண்டின் தொடக்கத்தில் அபிசீனியப் போர்முனையில் நான்கு நாட்கள், 55 மைல் தூரம், படையின் முன்னணி வண்டியில் அவர் சென்றார். 15 கண்ணிவெடிப் பரப்புகளைக் கண்டுபிடித்து நீக்குவித்தார். வண்டி வெடியில் சிக்கியும், செவிப்பறை கிழிந்தும் அவர் ஓய்வு கொள்ள மறுத்தார்.

பின்னர் வந்த போர்களில் இவ்வாயுதம் மலிந்தது. பிளாஸ்டிக் கூட்டினுள் சிறிது வெடிமருந்து. அதைச் செய்ய ஆகும் செலவு சொற்பம், தேடி எடுக்க ஆகும் செலவோ பன்மடங்கு. வியட்நாம், கம்போடியா, ஆப்கானிஸ்தானம், அங்கோலா என்று நாடு நாடாக வயல்களும் வரப்புகளும் கிணற்றடிகளும் மனிதர் அண்ட அஞ்சும் இடங்களாயின. 1980-ம் ஆண்டில் ஜெனிவாவில் உருவான உடன்படிக்கை சில கட்டுப்பாடுகளை விதித்ததே தவிர, தடை விதிக்கவில்லை.

இந்நிலையில் 1992-ம் ஆண்டு அக்டோபரில் ஆறு தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி, கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கின. ஊனமுற்றோருக்குக் கால் பொருத்துவோர், வெடி அகற்றுவோர், மருத்துவர், மனித உரிமைப் பணியாளர், வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர் ஆகியோர் இவற்றின் பின்னணியில் இருந்தனர். ஜோடி வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். புள்ளிவிவரங்களோடு நில்லாமல், பாதிக்கப்பட்டவர்களையே சபைகளின் முன் பேசச் செய்தது இவ்வியக்கத்தின் சிறப்பு.

அவர்களுள் ஒருவர் கம்போடியாவைச் சேர்ந்த துன் சன்னாரெத். 1982-ம் ஆண்டில் தாய்லாந்து எல்லையருகே போராளியாக இருந்தபோது இரு கால்களையும் இழந்தவர். பின்னாளில் சியெம் ரீப் நகரில், தம்மைப் போன்றோருக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுக்கும் தொழிலாளியானார். சிறு வயதிலேயே ஒரு காலை இழந்த சோங் கோசல் என்ற பெண்ணும் ஊன்றுகோலோடு மாநாடுகளுக்குச் சென்று பேசினாள். ராஜதந்திரிகள் ஆயுதம் என்று பேசிய இடத்தில் இவர்கள் கால் என்று பேசினார்கள்.

1996-ம் ஆண்டு அக்டோபரில் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் கூட்டம் ஒன்று நடந்தது. அதன் முடிவில் கனடிய வெளிநாட்டு அமைச்சர் லாய்டு ஆக்ஸ்வொர்தி, அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் முழுத்தடை உடன்படிக்கையில் கையெழுத்திட வாருங்கள் என்று எல்லா நாடுகளையும் அழைத்தார். அவையிலிருந்தோர் திகைத்தனர். 1997 ஜனவரியில் இங்கிலாந்தின் டயானா அங்கோலா நாட்டில் கண்ணிவெடிப் பரப்பினூடே நடந்து உலகத்தின் கண்களை இப்பக்கம் திருப்பினார். ஆகஸ்டு 31-ந் தேதி அவர் விபத்தில் மாண்டார். மறுநாள் ஒஸ்லோ நகரில் உடன்படிக்கை மாநாடு தொடங்கியது. செப்டம்பர் 18-ந் தேதி வாசகம் நிறைவேறியது. டிசம்பர் 3, 4 தேதிகளில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. அம்மாதம் 10-ந் தேதி சமாதானத்துக்கான நோபல் பரிசு ஜோடி வில்லியம்ஸுக்கும் இயக்கத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இயக்கத்தின் சார்பில் பரிசை ஏற்க மேடைக்கு வந்தவர், தம் சக்கர நாற்காலியில் அமர்ந்த துன் சன்னாரெத்.

1999-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அமுலுக்கு வந்த இவ்வுடன்படிக்கை, சேரும் நாட்டுக்கு மூன்று பெருங் கடமைகளை விதிக்கிறது. கையிருப்பை நான்கு ஆண்டுகளில் அழிக்க வேண்டும். புதைத்தவற்றைப் பத்து ஆண்டுகளில் அகற்ற வேண்டும். இயன்ற நாடுகள் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கிடைக்க உதவ வேண்டும். மூன்றாவது கடமை பாதிக்கப்பட்டோரின் வற்புறுத்தலால் இடம்பெற்றது. ஆயுதக் குறைப்பு உடன்படிக்கை ஒன்றில் இத்தகைய விதி அதற்கு முன் இருந்ததில்லை. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்தன. அழிக்கப்பட்ட கையிருப்பு ஐந்தரைக் கோடிக்கும் மேல்.

மறுவாழ்வுப் பணியில் நம் நாட்டின் பங்கு பெருமைக்குரியது. 1968-ம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பிரமோத் கரண் சேத்தியும் சேர்ந்து ரப்பரால் ஆன ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கு ஏற்றது. நம்மவரோ வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டும். குந்தியும் சம்மணமிட்டும் அமர வேண்டும். ஜெய்ப்பூர்க் கால் இவற்றுக்கெல்லாம் இடம் தந்தது. ஆப்கானிஸ்தானத்திலும் கம்போடியாவிலும் அது ஏழைகளை எழுந்து நடக்கச் செய்தது. ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கிய புனர்வாழ்வு நிலையம் ஒன்று 1987-ம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் தோன்றியது. நம் பெரியவர் கால் இழந்த அதே மண்ணில், அவரைப் போன்றே இழந்த தமிழர்கள் இந்தியாவில் பிறந்த பாதத்தை ஊன்றி எழுந்தார்கள்.

இலங்கையில் போர் புரிந்த இரு தரப்பினரும் வெடிகளைப் புதைத்தனர். அங்குள்ள தமிழ் மக்கள் இதனை மிதிவெடி என்று சுருக்கமாகவே அழைப்பர். 2002-ம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது அகற்றும் பணி பெரிய அளவில் தொடங்கியது. இடையில் போர் மீண்டும் மூண்டது. 2009-ம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் பணி விரிவடைந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்ற ஊர்களுக்குத் திரும்ப மக்கள் காத்திருந்தார்கள். அப்போது ஹொரைசன், சர்வத்ரா என்ற இந்திய அமைப்புகளும் அங்குப் பணியாற்றின. அவற்றில் பணி செய்தோருள் ஓய்வு பெற்ற ராணுவப் பொறியாளர் பலர். முன்பு நம் பொறியாளர் படை சென்றது போர்க்களத்துக்கு. இம்முறை அத்தொழில் கற்றோர் சென்றது மண்ணை உழவருக்கு மீட்டுத் தருவதற்கு.

ஆனையிறவுக்கு வடக்கே உள்ள முகமாலையில் இரு படைகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்றன. அதனால் அங்கு வெடிகள் அடுக்கடுக்காகப் புதைந்தன. அங்கு வெடி அகற்றியவர்களுள் உள்ளூர்ப் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து குடும்பப் பாரம் சுமப்போரும் அவர்களில் உண்டு. முகக் கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, கருவியால் ஆராய்ந்து, சாண் சாணாக மண்ணை விலக்கி முன்னேறுவது அவர்கள் வேலை. அவசரப்பட்டவருக்கு அதில் இடமில்லை. 2017-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. புதைத்தவற்றை முற்றும் நீக்க அந்நாட்டுக்குரிய தவணை 2028 ஜூன் 1.

இந்தியா இவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. நீண்ட நில எல்லைகளையும் பாதுகாப்புத் தேவையையும் நம் அரசு காரணமாகக் கூறுகிறது; பாரபட்சமற்ற உலகளாவிய தடை என்ற இலட்சியத்தை ஏற்கிறது; பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் திருத்திய ஜெனிவா விதிகளை 1999-ம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. எல்லைக் காவலின் அருமை அறியாதவர்கள் அல்லோம் நாம். ராணுவக் குடியிருப்பின் நிழலில் வாழ்பவர்கள். ஆயினும் 2001 டிசம்பரில் பராக்ரம் நடவடிக்கை தொடங்கியபின் மேற்கு எல்லையில் பஞ்சாப், ராஜஸ்தான் உழவர்களின் நிலங்களில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டதையும், போர் மூளாமலே பலர் உயிரும் உறுப்பும் இழந்ததையும் மறத்தற்கில்லை. அங்குக் காவலுக்கென்று வைத்தது காக்கப்பட வேண்டியவரையே தாக்கியது.

இன்று இவ்வியக்கத்துக்குச் சோதனைக் காலம். 2023-ம் ஆண்டில் மட்டும் கண்ணிவெடிகளாலும் போரில் எஞ்சிய வெடிபொருள்களாலும் குறைந்தது 5,757 பேர் மாண்டோ காயமுற்றோ போனதாகக் கணக்கிடப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் போரிடாத பொதுமக்கள். 2025-ம் ஆண்டில் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும், அண்டை நாட்டின் படையெடுப்புக்கு அஞ்சி, உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அச்சம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அச்சத்தில் புதைப்பதற்கு ஒரு நாள் போதும். தோண்டி எடுக்க ஒரு தலைமுறை வேண்டும். இதற்கு இலங்கையின் வட மாகாணமே சாட்சி.

இக்கட்டுரைக்காகக் குறிப்புகள் திரட்டியபோது தெருக்கோடிப் பெரியவரிடம் முகமாலைப் பெண்களைப் பற்றிச் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, தாம் கால் இழந்த ஒழுங்கையின் பெயரைச் சொல்லி, "அதையும் சுத்தம் செய்துவிட்டார்களா, தம்பி?" என்று கேட்டார். அந்த இடத்தைப் பற்றிய குறிப்பு நம்மிடம் இல்லை, அவ்வாறே சொன்னோம். "செய்திருப்பார்கள்" என்று தாமே விடை கூறிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தார். தாம் இழந்த கால் திரும்பி வராது என்பது அவர் அறிந்ததே. அவ்வழியே தண்ணீருக்குப் போகும் கிழவி அச்சமின்றிப் போக வேண்டும் என்பதொன்றே அவருக்கு இருந்த கவலை. சன்னாரெத் நாற்காலியில் சென்று மன்றங்களில் கேட்டதும் இதையன்றி வேறன்று.