ஒழுக்கு: எங்கட கூரைகளின்ர சின்னச் சரித்திரம்

மாரி பிறந்தால் எங்கட வீடுகளில வாளிகளுக்கு வேலை வந்துவிடும். "பிளாட்டில வெடிப்பு, மேசனைக் கூப்பிடோணும்" என்று அப்பா சொல்லுவார். மேசன் வந்து பூசிப்போட்டுப் போவார். அடுத்த ஐப்பசியில அதே இடத்தில திரும்ப ஒழுகும். ஏன் இப்பிடி என்று தேடிப்போன நாங்கள் கடைசியில வந்து நின்றது எங்கட ஊரின் வரலாற்றில்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. பழைய கல்வீடுகளுக்கும் அதுதான் ஆதாரம். கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்தால் சாந்து. சுடும்போது கல்லைவிட்டுப் போன கரியமிலவாயுவைப் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்து, மறுபடி கல்லாகும். இறுக நாள் எடுக்கும். ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வர அது வழி விடும். மிச்ச வேலையைச் சரிவான ஓட்டுக் கூரையும் தாழ்வாரமும் பார்த்துக்கொண்டன. ஓலை வீட்டுக்காரருக்கோ கூரை திரும்பத் திரும்ப மேயவேண்டிய ஒன்று என்பது தெரியும். பராமரிப்பும் வீட்டின் ஒரு பகுதிதான்.

இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். எங்கட ஊருக்குச் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது 1950இல், காங்கேசன்துறையில். அதே சுண்ணாம்புக்கல்லை முருங்கன் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டார்கள். கல் வெட்டிய பெரும் பள்ளங்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. சீமெந்து கெதியாக இறுகியது, பலமாக நின்றது. அதோடு "பிளாட் அடிச்சால் பிறகு ஒண்டும் பாக்கத் தேவையில்லை" என்ற நம்பிக்கையும் வந்தது. பிழை அங்கேதான். கொங்கிறீற்றுக்குள்ளே கம்பி இருக்கிறது. வெடிப்பால் தண்ணீர் போனால் கம்பி கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். கொங்கிறீற் உள்ளிருந்தே வெடித்துக் கழரும். கடல்மணலைக் கழுவாமல் போட்டிருந்தால் உப்பு அதை இன்னும் விரைவாக்கும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. தொழிற்சாலை நின்றது. சீமெந்து வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது. பதுங்குகுழிக்குப் போகும் என்பது காரணம். பதுங்குகுழிகளைச் சனம் பனங்குற்றியால் மூடியது. ஓலையும் தீராந்தியும் தந்த பனைதான் அதற்கும் தறிபட்டது. வெடித்த சுவர் வெடித்தபடியே இருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடுகளைப் பூட்டிப்போட்டு நடந்தோம். திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கூரை இருக்கவில்லை. கூரை போன வீட்டில் சுவரின் தலையால் மழை இறங்கும். சில மாரிகளில் சுவர் உள்ளேயே இளகிவிடும்.

பிறகு சீமெந்து தாராளமாக வந்தது. நாங்கள் அவசரப்பட்டோம். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சீமெந்தை இறுக்கிப் பூசினோம். ஈரம் உள்ளுக்குள்ளே அடைபட்டது, உப்புப் பூத்தது, பூச்சுப் பொருமி விழுந்தது. குற்றம் மேசன்ர தலையில போனது.

இப்ப வீடு திருத்துற எங்கட வயதுக்காரருக்கு ஒரு சொல். ஒழுகுற இடத்துக்குக் கீழே இருந்து பூசிப் பிரயோசனமில்லை. தண்ணீர் மேலால் வருகிறது. முதலில் பிளாட்டில் தண்ணீர் எங்கே தேங்குது, குழாய் வாயில் சருகு அடைச்சிருக்கோ என்று பாருங்கோ. கழன்ற கொங்கிறீற்றைக் கொத்தி எடுத்து, கம்பியின் கறளைச் சுரண்டி, கறள்தடுப்புப் பூச்சுப் பூசிய பிறகுதான் நிரப்ப வேணும். நிரப்பினதைச் சில நாளைக்கு ஈரமாக வைத்திருக்க வேணும், ஏனெண்டால் சீமெந்து தண்ணீரைக் கொண்டுதான் இறுகுகிறது. நீர்த்தடுப்புப் பூச்சு கடைசி வேலை. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும்.

சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கினம். அடுத்த மாரிக்கு முதல் அவையைத் தேடிப் போவம். வீடுகளை எழுப்பினது அவையின்ர கைகள்தான். அந்தக் கைகள் போனால் கேட்க ஆளில்லை.