நேகா பாசின்

நேகா பாசின் (பிறப்பு: 18 நவம்பர் 1982, டெல்லி) இந்திய பாப் பாடகி, திரைப்படப் பின்னணிப் பாடகி. சேனல் வி தொலைக்காட்சியின் 'பாப்ஸ்டார்ஸ்' போட்டி வழியாக 2002இல் உருவான 'விவா' பெண்கள் குழுவின் ஐந்து உறுப்பினர்களுள் ஒருவர்.

தனிப்பயணம்: விவா இரண்டு இசைத்தொகுப்புகளுக்குப் பின் கலைந்தது. தனிப் பாடகியான நேகாவுக்குத் திரையிசை கைகொடுத்தது. தமிழில், வசந்த் இயக்கிய 'சத்தம் போடாதே' (2007) படத்துக்காக யுவன் சங்கர் ராஜா இசையில் 'பேசுகிறேன் பேசுகிறேன்' பாடலைப் பாடினார். இந்தியில் 'ஃபேஷன்' (2008), 'மேரே பிரதர் கி துல்ஹன்' (2011) படப் பாடல்கள் அவரைப் பரவலாக அறியச்செய்தன. 'சுல்தான்' (2016) படத்தில் விஷால்–சேகர் இசையமைத்த 'ஜக் கூமேயா' பாடலின் பெண்குரல் வடிவத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்பேர் விருதைப் பெற்றார்.

நாட்டுப்புற இசை: கணவரும் இசையமைப்பாளருமான சமீர் உதீனுடன் இணைந்து, பஞ்சாபி நாட்டுப்புறப் பாடல்களைப் புதிய இசைக்கோவையில் வெளியிட்டுவருகிறார்.

சக உறுப்பினர்: விவாவின் அனுஷ்கா மன்சந்தாவும் பின்னர் தமிழ், இந்தி, தெலுங்குப் படங்களில் பாடினார்.