சிதார் செய்தவர் பெயர் என்ன?

கல்கத்தாவுக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழன் முதலில் விசாரிப்பது லேக் மார்க்கெட் எங்கே இருக்கிறது என்பதைத்தான். வாழையிலை, மல்லிகைப்பூ, காபிப்பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். நானும் அப்படி விசாரித்து வந்தவன்தான். ஆனால் அதே ராஷ்பிஹாரி அவென்யூவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நிகில் பானர்ஜிக்கு சிதார் செய்த ஹிரேன் ராய் கடை போட்டது இந்தச் சாலையில். அலி அக்பர் கான், அம்ஜத் அலி கான் போன்றோருக்கு சரோத் செய்த ஹேமன் சந்திர சென் (2010-ல் காலமானார்) பட்டறை வைத்திருந்ததும் இங்கேதான். வாசித்தவர்களை உலகத்துக்கே தெரியும். செய்தவர்களை?

இந்த ஊரில் பிறந்த இரண்டு சிதார்களின் கதையைச் சொல்கிறேன்.

முதல் சிதார் லண்டனில் விலை போனது. 1965-ல் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் இருந்த இந்தியாகிராஃப்ட் கடையில் ஒரு சிதார் வாங்கினார். 'நார்வீஜியன் வுட்' பாட்டில் அதை வாசிக்கப்போக, மேற்கே சிதார் மோகம் பற்றிக்கொண்டது. மட்டமான சிதார் என்று அவரே பின்னாளில் சொன்னார். 1966-ல் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தும் விட்டார். அந்த வாத்தியம் என்று சொல்லி 2018-ல் அமெரிக்காவில் ஏலம் விட்டார்கள். 62,500 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 45 லட்சம் ரூபாய்!

அதைச் செய்தது வடக்குக் கல்கத்தா அப்பர் சித்பூர் ரோட்டின் கனாய்லால் அண்டு பிரதர். வேடிக்கை என்னவென்றால், ரவிசங்கரும் விலாயத் கானும் மேடையில் வாசித்த கனாய்லால் சிதார்களும் உண்டு. அதே பெயர் ஏற்றுமதிக் கடைக்கும் போயிருக்கிறது, கச்சேரி மேடைக்கும் போயிருக்கிறது. ஆனால் 45 லட்சம் கொடுக்க வைத்தது கனாய்லாலின் பெயர் அல்ல, ஹாரிசனின் பெயர்தான்.

இரண்டாவது சிதார் 1961-ல் நோது மல்லிக் என்ற கல்கத்தாக்காரர் ரவிசங்கருக்குச் செய்தது. ரவிசங்கர் 2012-ல் மறைந்த பிறகு, 2017-ல் அது பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே செய்தவர் பெயரும் சேர்த்தே பதிவாகியிருக்கிறது.

நோது மல்லிக்கின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த சங்கதி, அவர் பட்டறையோடு நின்றுவிடவில்லை என்பது. ரவிசங்கரோடு வெளிநாடுகளுக்குப் போய், மேடையில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டினார். 1965-ல் வந்த 'சவுண்ட் ஆஃப் தி சிதார்' இசைத்தட்டில் தம்புரா என்ற இடத்தில் இருப்பது அவர் பெயர்தான்.

செய்தவரே கூடப் போனதில் ஒரு வசதியும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 'ஜவாரி' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். நம் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவாளி நூலை நகர்த்தி நாதத்தைத் திறக்கிறோம் இல்லையா? சிதாரில் நூல் கிடையாது. அகலமான குதிரையின் மேல்பரப்பையே மிக லேசான வளைவாக அரத்தால் இழைப்பார்கள். தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசி எழும் ரீங்காரம்தான் சிதாரின் குரல். ரவிசங்கருக்கு ரீங்காரம் விரிந்த 'திறந்த' ஜவாரி. விலாயத் கானுக்கு அடக்கமான 'மூடிய' ஜவாரி. மயிரிழை கூடக்குறைய இழைத்தால் குரலே மாறிவிடும்.

வாசிக்க வாசிக்க தந்தி அந்தப் பரப்பில் பள்ளம் போடும். மறுபடி இழைக்க வேண்டும். ஆகவே சிதார் என்பது விற்ற அன்றோடு முடிந்துபோகிற பொருள் இல்லை. துன் மரமும் தேக்கும் சுரைக்குடுவையும் பல வருஷம் நிற்கும். ஆனால் வாத்தியத்தின் குரல், இழைக்கத் தெரிந்த ஒரு கையை நம்பி இருக்கிறது. அந்தக் கை போட்ட வேலையோ அடுத்த தடவை இழைக்கும்போது தூளாக உதிர்ந்துவிடும். அடையாளமே மிஞ்சாத வேலை!

ஸ்பெயினில் கிடாருக்கு இன்றைய வடிவம் கொடுத்த அந்தோனியோ தெ தொர்ரெஸ் (1817-1892) கதை வேறு. நாதத்துக்கு முக்கியம் மேல்பலகைதான் என்று நிரூபிக்க, 1862-ல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து ஒரு கிடார் உருவாக்கினார். அது பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே கிடாரைச் சொன்னாலே தொர்ரெஸ் பெயரைச் சொல்வார்கள். உள்ளே சீட்டு ஒட்டும் பழக்கமும் அதற்கு ஒரு காரணம்.

நம் பக்கம்? தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அது ஊரின் பெயரைக் காப்பாற்றும். ஒற்றைப் பலாமரத்தைக் குடைந்து ஏகாண்ட வீணை செய்த ஆசாரியின் பெயரைக் காப்பாற்றாது.

நோது மல்லிக்கின் பெயர் பிழைத்தது அவர் செய்த சிதார் ரவிசங்கர் கைக்குப் போனதால். எல்லா வாத்தியத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் வீணை இருக்கிறதா? யார் செய்தது, எந்தத் தெரு, எந்த வருஷம் என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வீணையோடு சேர்த்து வையுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.