இன்டஸ் கிரீட்

இன்டஸ் கிரீட் மும்பையைச் சேர்ந்த ராக் இசைக்குழு. 1984இல் 'ராக் மெஷின்' என்ற பெயரில் தொடங்கியது. அந்நாளில் நம் நாட்டு ராக் குழுக்கள் பெரும்பாலும் மேல்நாட்டுப் பாடல்களையே வாசித்தன; இவர்களும் அப்படித்தான் தொடங்கினர். பிறகு சொந்தப் பாடல்களுக்கு மாறி, 1988இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். 1993இல் பெயர் மாறியது. 1997இல் குழு கலைந்தது.

2010இல் பாடகர் உதய் பெனகல், கிதார் கலைஞர் மகேஷ் தினாய்கர், கீபோர்டு கலைஞர் ஜூபின் பாலபோரியா ஆகியோர் மீண்டும் கூடினர். பேஸ் கிதாருக்கும் டிரம்சுக்கும் புதியவர்கள் வந்தனர். பழைய ரசிகர்களுக்குப் பழைய பாடல்களே போதுமானவையாக இருந்திருக்கும். இவர்களுக்கு அது போதவில்லை. 2012இல் புதிய பாடல்களுடன் 'எவால்வ்' வெளிவந்தது. முந்தைய தொகுப்பு 1995இல் வந்தது. அந்த ஆண்டு பிறந்த குழந்தை இதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியிருக்கும்! 'எவால்வ்' பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்தவர் டிம் பால்மர். அமெரிக்க மாற்று ராக் குழுவான பேர்ல் ஜாமின் முதல் தொகுப்புக்கும் அவரே ஒலிக்கலவை செய்தார்.