எல்லைக்கோட்டில் ஓடியவர்

வரலாறு என்றதும் முடிமன்னரையும் போர்க்களங்களையும் ஒப்பந்தங்களையும் நினைத்தல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாடநூல்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துள்ளன. ஆனால், அரசுகள் மாறும்போதும் எல்லைகள் இடம்பெயரும்போதும் மனிதன் ஒருவனது வாழ்வு எவ்வாறு திசை திரும்புகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு, சில வேளைகளில் ஒரு விளையாட்டு வீரனின் கதையே போதுமானதாகும். அத்தகைய கதையொன்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டேன். அது ஹங்கேரி தேசத்து உதைபந்தாட்ட வீரர் சோல்தான் சிபோரின் கதை.

சிபோர் இடது ஓரத்தில் ஆடும் முன்வரிசை வீரர். உதைபந்தாட்டத்தில் ஓர ஆட்டக்காரனின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. மைதானத்தின் நடுவே ஆடுபவனுக்கு நாற்புறமும் தோழர் இருப்பர். ஓரத்தில் ஆடுபவனுக்கோ ஒரு பக்கத்தில் வெள்ளைக் கோடு மாத்திரமே துணை. அக்கோட்டைத் தாண்டினால் பந்து அவனுடையதன்று. தாண்டாது அதன் விளிம்பிலேயே விரைந்து ஓடி, எதிரியை ஏமாற்றி, பந்தை நடுவே அனுப்ப வேண்டும். சிபோரின் வாழ்வும் இவ்வாறு கோடுகளின் விளிம்பிலேயே ஓடிற்று.

அவர் 1929 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கபோஷ்வார் நகரிற் பிறந்தார். ஆயினும் அவருடைய ஊர் என்று அந்நாட்டு மக்கள் கருதுவது டனியூப் நதிக்கரையிலுள்ள கொமாரோம் நகரையே. முதலாம் உலகப் போரின் பின்னர் செய்யப்பட்ட உடன்படிக்கையால் அந்நகர் இரண்டாகப் பிளவுண்டது. நதியின் வடகரை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயிற்று. தென்கரை ஹங்கேரியிடம் எஞ்சியது. எல்லை வீட்டு வாசலில் வந்து நின்ற அந்த ஊரில், இருப்புப்பாதைத் தொழிலாளரின் கழகத்துக்காக ஆடியே சிபோர் தம் திறமையை வளர்த்துக்கொண்டார். 1948 ஆம் ஆண்டில் தலைநகராகிய புடாபெஸ்தின் புகழ்பெற்ற பெரன்ஸ்வாரோஷ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது; அடுத்த ஆண்டே அக்கழகம் தேசிய விருதை வென்றது.

அக்காலத்தில் ஹங்கேரியில் பொதுவுடைமை ஆட்சி நிலைபெற்றுவிட்டது. தொழிற்சாலைகளைப் போலவே விளையாட்டுக் கழகங்களும் அரசின் கைக்கு வந்தன. பெரன்ஸ்வாரோஷ் கழகத்தின் பெயர் மாற்றப்பட்டது. தொன்றுதொட்டு வந்த பச்சை நிறமும் பறிக்கப்பட்டது. அதன் சிறந்த வீரர்கள் வேறு கழகங்களுக்குச் சிதறினர். சிபோர் செப்பெல் என்ற தொழிற்சாலைப் பகுதியின் கழகத்துக்குச் சென்றார்; 1953 ஆம் ஆண்டு தொடக்கம் இராணுவத்தின் கழகமாகிய ஹொன்வேத்தில் ஆடினார். அக்கழகத்தின் வீரர்களுக்குப் படைப் பதவிகள் வழங்கப்பட்டிருந்தமையால், பெயரளவில் அவர்கள் படைவீரர்; உண்மையில் முழுநேர ஆட்டக்காரர். 'ஹொன்வேத்' என்ற சொல்லுக்குத் தாய்நாட்டைக் காப்பவன் என்பது பொருள். இப்பொருளை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

குஸ்தாவ் ஷெபெஷ் என்பாரின் வழிகாட்டலில் உருவான ஹங்கேரிய தேசிய அணி, ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியமைத்தது. நடு முன்வரிசை வீரராகிய ஹிதெக்குத்தி முன்னே நில்லாது பின்வாங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து செல்வதா, இருந்த இடத்தில் நிற்பதா என்று எதிரணிக் காவலர் திகைத்தனர். அத்திகைப்பால் உண்டான வெற்றிடத்துள் புஷ்காஷும் கொச்சிஷும் புகுந்தனர். சிபோரும் தமக்குரிய இடது ஓரத்தில் அடங்கி நிற்பவரல்லர். வேண்டியபோது வலது ஓரத்துக்கும் ஓடி வருவார். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2–0 என இவ்வணி வென்றபோது, ஒரு கோலை அடித்தவர் புஷ்காஷ். மற்றையதை அடித்தவர் சிபோர்.

1953 நவம்பர் 25 ஆம் நாள் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6–3 என ஹங்கேரி வென்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. தன் சொந்த மண்ணில் ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் அதுகாறும் தோற்றறியாதது இங்கிலாந்து. அன்று புஷ்காஷ் தம் காலடியாற் பந்தைப் பின்னுக்கு இழுத்து, இங்கிலாந்து அணித்தலைவர் பில்லி றைற் வெறும் புல்லின்மீது சறுக்கிச் செல்ல, கோல் அடித்தார். அந்த ஒரு கணத்தை இன்றும் மக்கள் பேசுவர். அப்பந்தை வலது புறத்திலிருந்து அவருக்கு அனுப்பியவர் இடது ஓர ஆட்டக்காரராகிய சிபோரே என்பதைப் பேசுவோர் சிலரே.

1954 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. நான்கு ஆண்டுகளாகத் தோல்வியறியாத ஹங்கேரி, முதற்சுற்றில் மேற்கு ஜேர்மனியை 8–3 என வென்றிருந்தது. ஜூலை 4 ஆம் நாள், பேர்ண் நகரின் வாங்க்டோர்வ் மைதானத்தில், இறுதிப் போட்டியிலும் அதே மேற்கு ஜேர்மனியே எதிர்நின்றது. அன்று சிபோர் வலது ஓரத்தில் நிறுத்தப்பட்டார். ஆறாவது நிமிடத்தில் புஷ்காஷும் எட்டாவது நிமிடத்தில் சிபோரும் கோல் அடித்தனர். கிண்ணம் கைக்கு வந்துவிட்டது என்றே உலகம் எண்ணியது. ஆயின், பதினெட்டாவது நிமிடத்துக்குள் ஜேர்மனியர் இரண்டு கோல்களையும் ஈடுசெய்தனர். ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் மூன்றாவதையும் அடித்தனர். இறுதி வேளையில் புஷ்காஷ் அடித்த கோல் விதிமீறிய இடத்தில் நின்று அடித்ததென மறுக்கப்பட்டது. முடிவு 3–2. அன்றிரவு புடாபெஸ்தில் மக்கள் ஆத்திரத்துடன் வீதிக்கு வந்தனர். ஆட்சியாளரை எதிர்த்து வாய் திறக்க அஞ்சியிருந்த மக்கள், ஓர் ஆட்டத்தின் தோல்வியைச் சாட்டாகக் கொண்டு வாய் திறந்தனர் என்று கொள்வதிலே தவறில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1956 ஒக்ரோபர் 23 ஆம் நாள் ஹங்கேரியில் புரட்சி வெடித்தது. நவம்பர் 4 ஆம் நாள் சோவியத் தாங்கிகள் தலைநகருட் புகுந்து அதனை அடக்கின. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். அவ்வேளையில் ஹொன்வேத் கழகம் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காகப் பிறநாட்டில் இருந்தது. நவம்பர் 22 இல் ஸ்பானிய நகராகிய பில்பாவோவில் 3–2 எனத் தோற்றது. மறு ஆட்டத்தைப் புடாபெஸ்தில் நடத்த இயலாமையால், டிசெம்பர் 20 ஆம் நாள் பிறசல்ஸ் நகரில் ஆடினர். அங்கே ஹொன்வேத்தின் கோல் காப்பாளர் காயமுற்றார். மாற்று வீரரை இறக்க அக்கால விதி இடந்தரவில்லை. அப்போது கோல் கம்பங்களின் நடுவே போய் நின்றவர் சிபோர். ஐரோப்பாவின் மிக விரைவான கால்கள் ஓரிடத்தில் நின்று காவல் காத்தன. ஆட்டம் 3–3 எனச் சமநிலையில் முடிய, கழகம் போட்டியிலிருந்து வெளியேறிற்று.

தாய்நாட்டைக் காப்பவர் என்ற பெயர் பூண்ட அணிக்கு, திரும்பிச் செல்லத் தாய்நாடு இருக்கின்றதா என்பதே அன்றைய கேள்வி. சங்கத்தாரின் கட்டளையை மீறி அவர்கள் பிறேசில் வரை சென்று காட்சி ஆட்டங்கள் ஆடினர். 1957 ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு மீண்டபோது அணி பிரிந்தது. போஷிக் வீடு திரும்பினார். புஷ்காஷ், கொச்சிஷ், சிபோர் ஆகிய மூவரும் மேற்கிலே தங்கினர். உலகச் சங்கம் அவர்களுக்குத் தடை விதித்தது. உத்தியோகபூர்வமான ஆட்டம் எதுவுமின்றி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதில், உடல் வலிமை உச்சத்திலிருந்த காலத்தை சிபோர் வீணே கழிக்க நேர்ந்தது.

போனவர் துரோகியா, திரும்பியவர் கோழையா என்று வழக்குரைப்பது எளிது. ஆனால் வரலாற்று மாணவன் அவ்வாறு விரைந்து தீர்ப்புக் கூறலாகாது. போஷிக்கும் புஷ்காஷும் கிஷ்பெஸ்ற் பகுதியில் அயலவராய்ச் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஒரே தெருவிற் பந்து விளையாடிய இருவரில் ஒருவர் போனார், ஒருவர் திரும்பினார். இருவருக்கும் அவரவர்க்குரிய காரணங்கள் இருந்தன. இருவரும் அதற்குரிய விலையைக் கொடுத்தனர். போஷிக் ஹங்கேரிக்காக நூற்றொரு ஆட்டங்கள் ஆடினார். சிபோரின் கணக்கு நாற்பத்துமூன்று ஆட்டங்களோடும் பதினேழு கோல்களோடும் நின்றுவிட்டது. தாய்நாட்டின் சிவப்புச் சட்டையை அவர் மறுபடி அணியவேயில்லை.

1958 ஆம் ஆண்டு, முன்னரே ஹங்கேரியிலிருந்து வெளியேறி பார்சலோனாக் கழகத்தில் ஆடிவந்த குபாலா என்பார், கொச்சிஷையும் சிபோரையும் அங்கே வரவழைத்தார். 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் அக்கழகம் ஸ்பானிய விருதை வென்றது. 1961 ஆம் ஆண்டு மே 31 இல் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. எங்கே? அதே பேர்ண் நகர். அதே வாங்க்டோர்வ் மைதானம். எதிரே போர்த்துக்கலின் பென்பிக்கா. அதன் பயிற்சியாளர் பேலா குத்மனும் ஒரு ஹங்கேரியரே. கொச்சிஷ் முதற் கோலை அடித்தார். பின்னர் பென்பிக்கா மூன்று கோல்களைப் பெற்றது. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் சிபோர் ஒன்றை அடித்தார். பார்சலோனா உதைத்த பந்துகள் மீண்டும் மீண்டும் கம்பத்திற் பட்டுத் திரும்பின. முடிவு மறுபடியும் 3–2. ஏழு ஆண்டுகளின் முன் அழுத மைதானத்திலேயே இருவரும் மறுபடி தோற்றனர். அந்த இரு இறுதி ஆட்டங்களிலும் கோல் அடித்து, இரண்டிலும் தோற்றவர் சிபோர் ஒருவரே.

அதன் பின்னர் அவர் எஸ்பான்யோல் கழகத்திலும், சுவிற்சர்லாந்தின் பாசல், ஒஸ்திரியாவின் வியன்னா, கனடாவின் ஹமில்றன் ஆகிய நகரங்களிலும் ஆடினார். ஊர் ஊராகச் சென்ற அவ்வோட்டத்தை ஆசையென்று சிலர் சொல்லக்கூடும். திரும்பிச் செல்ல வழியற்றவனுக்கு முன்னே செல்வது ஒன்றே வழி என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கொச்சிஷ் 1979 ஆம் ஆண்டு பார்சலோனாவிலேயே காலமானார். சிபோர், தம் நாட்டில் பொதுவுடைமை ஆட்சி நீங்கிய பின்னர் ஹங்கேரிக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 1997 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் தாயகத்திலேயே கண்மூடினார்.

அவர் இருமுறை தோல்வி கண்ட பழைய வாங்க்டோர்வ் மைதானம் 2001 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டு, அவ்விடத்திற் புதியதோர் அரங்கு எழுந்துவிட்டது. கொமாரோமிலோ, நகரைப் பிளந்த எல்லை ஓடும் அந்த நதியின் கரையூரில், ஊர்ப் பிள்ளைகள் பந்தாடும் விளையாட்டரங்குக்கு சோல்தான் சிபோரின் பெயரே இடப்பட்டுள்ளது. நாடு துறந்தவர் என்று ஓர் அரசு ஒதுக்கிய பெயரை, அவருடைய ஊர் தன் வாசலில் எழுதி வைத்துள்ளது.