சமாதியும் சம்மாயும்

தோக்கியோவில் சுகிஜி மீன்சந்தைப் பக்கம் போனவர்கள் 'சூஷி ஜம்மாய்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். பல கிளைகள் உள்ள உணவகம். 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை மீனை 33.36 கோடி யென்னுக்கு எடுத்தவர் இதன் முதலாளிதான். சூஷி என்றால் சோறும் மீனும். ஜம்மாய் என்றால்? நம்முடைய சமாதிதான். வேறு நினைப்பே இல்லாமல் சூஷியில் திளைப்பது என்பது பெயரின் பொருள்.

அதே சொல்லைச் சென்னையில் கேட்க வேண்டுமானால் கடற்கரைப் பேருந்தில் ஏறினால் போதும். "அண்ணா சமாதி ஒண்ணு குடுங்க" என்று யாராவது டிக்கெட் கேட்பார். அரசு ஏட்டில் அது நினைவிடம், பேச்சில் சமாதி. வாழ்நாளெல்லாம் நாத்திகம் பேசிய கலைஞரும் இந்த யோக நூல் சொல்லிலிருந்து தப்பவில்லை. சினிமா வில்லன் "உனக்குச் சமாதி கட்டுறேன்" என்றால் யாரும் தியான வகுப்பை நினைத்துக்கொள்வதில்லை.

பிறந்த வீட்டில் இந்தச் சொல்லுக்குச் சாவோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. சம், ஆ என்ற இரண்டு முன்னொட்டுகளும், 'வைத்தல்' என்று பொருள்படும் 'தா' என்ற வடமொழி வேரும் சேர்ந்தது அது. சிதறிக் கிடப்பதைக் கூட்டி ஒருசேர வைப்பது என்று பொருள். நாம் தினமும் புழங்கும் சமாதானமும் இதே வேரின் பிள்ளைதான். முறைத்துக்கொண்ட இருவரைச் சேர்த்துவைத்தால் சமாதானம், அலையும் மனத்தைச் சேர்த்துவைத்தால் சமாதி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசரும் ஏறக்குறைய இப்படித்தான் விளக்கினார்: மனத்தையும் அதன் கூறுகளையும் ஒரே பொருளின்மேல் சமமாக இருத்துவது.

பதஞ்சலி யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் தாரணை, தியானம் இரண்டையும் சொல்லிவிட்டு மூன்றாவதாகச் சமாதிக்கு வருகிறார். அங்கே ஒரே மூச்சில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. எண்ணப்படும் பொருள் மட்டும் ஒளிர்கிறது. எண்ணுகிற மனமோ தனக்கென வடிவே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. தமிழ் பிடித்துக்கொண்டது பின்பாதியை, ஜப்பானியம் பிடித்துக்கொண்டது முன்பாதியை. இந்தக் கட்டுரை சொல்ல வந்ததே அவ்வளவுதான்.

தமிழில் சொல் இடம் மாறியதைத் திருமந்திரத்திலேயே காணலாம். மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தின் கடைசிப் படியாகச் சமாதி வருகிறது. ஏழாம் தந்திரத்தில் 'சமாதிக் கிரியை' என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஞானியின் உடலை எரிக்கலாகாது, குழி தோண்டி அமர்த்த வேண்டும் என்று சொல்லி, குழியின் சாண் கணக்குவரை அது பேசுகிறது. ஞானி சாவதில்லை, ஒடுங்குகிறார் என்பது நம்பிக்கை. ஒடுங்கிய நிலையின் பெயர் ஒடுங்கிய குழிக்கும், பிறகு குழிமேல் எழுந்த கட்டடத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பயணம் முழுவதும் ஒரே மனிதர் வாழ்க்கையில் நடந்த ஊர் திருவண்ணாமலை. 1896இல், பதினாறு வயதில் வந்து சேர்ந்த வேங்கடராமன், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில் பூச்சி அரிப்பதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பையன் சமாதியில் இருக்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான் என்று பொருள். அந்தப் பையன் ரமண மகரிஷியாகி 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார். இன்று ஆசிரமத்துக்குப் போய் "சமாதி எங்கே?" என்று கேட்டால் லிங்கம் வைத்த மண்டபத்தைக் காட்டுவார்கள்.

(2017 பிப்ரவரி 7 இரவு அப்போதைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின்முன் கண்மூடி உட்கார்ந்தபோது, 'சமாதியில் தியானம்' என்று தமிழ்நாடே பேசியது. பதஞ்சலியின் வரிசைப்படி தியானம் முதலில், சமாதி பிறகு. அன்றைக்கு வரிசை மாறிவிட்டது.)

கிழக்கே போன சொல்லுக்கு வேறு விதி. கி.பி. 179இல் லோகக்ஷேமர் என்ற குஷாண நாட்டுத் துறவி ஒரு சமாதி சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்தார். சமாதி என்ற ஒலியைச் சீனத்தில் எழுத 'மூன்று', 'இருள்' என்ற பொருளுடைய இரண்டு எழுத்துகள் வழங்கின. அந்தப் பொருளுக்கும் சமாதிக்கும் சம்பந்தமில்லை, ஒலிக்காக மட்டும் எடுத்தவை. ஜப்பானில் அவற்றைச் சம்மாய் என்று படித்தார்கள். வேறொரு சொல்லின் பின்னால் வரும்போது ஜம்மாய்.

6ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி ஜீயி சமாதியை நான்காக வகுத்தார். எப்போதும் அமர்ந்திருப்பது ஒன்று. எப்போதும் நடப்பது ஒன்று. இரண்டும் கலந்தது ஒன்று. இரண்டிலும் சேராமல் எந்தக் காரியத்திலும் கைகூடுவது ஒன்று. நடக்கும் சமாதிக்குக் கணக்கு 90 நாள். அமிதாப புத்தரைச் சுற்றி நடந்தபடியே நாமம் ஓத வேண்டும், படுக்கக் கூடாது. கியோத்தோ அருகே ஹியேய் மலையில் இதற்கென்றே ஒரு மண்டபம் நிற்கிறது. நம் காதுக்கு 'நடக்கும் சமாதி' என்பது பேய்க்கதை போல ஒலிக்கும். அவர்களுக்கோ உடல் அசைகிறதா என்பது கேள்வியே அல்ல, மனம் எதில் நிற்கிறது என்பதே கேள்வி. நடந்துகொண்டே சமாதி கூடும் என்றால் தூண்டில் போட்டுக்கொண்டே ஏன் கூடாது? சொல் சந்தைக்கு இறங்கியது இந்த வழியாகத்தான் என்பது என் எண்ணம். 'டொகுஷோ ஜம்மாய்' என்றால் புத்தகமே கதி என்று கிடப்பது. 'ட்சுரி ஜம்மாய்' தூண்டிலே கதி. 'ஸேய்தாக்கு ஜம்மாய்' என்று ஆடம்பரத்தில் புரள்பவரைத் திட்டவும் செய்யலாம்.

அப்படியானால் ஜப்பானியர் சமாதியைச் சுடுகாட்டிலிருந்து காப்பாற்றிவிட்டார்களா? அதுவும் இல்லை. கியோத்தோ, ஒசாக்கா வட்டாரத்தில் சம்மாய் என்றால் இடுகாடு, சுடுகாடு என்றும் பழைய வழக்கு உண்டு. பிணக்காரியம் பார்த்தவர்களுக்குச் 'சம்மாய் ஹிஜிரி' என்று பெயர். ஆனால் வந்த வழி வேறு. இறந்தவர்களுக்காகத் தாமரைச் சூத்திரம் ஓதும் சம்மாய் மண்டபங்களைக் கல்லறைகள் அருகே கட்டினார்கள். மண்டபத்தின் பெயர் பக்கத்து நிலத்துக்கும் பரவியது. நம் ஊரில் ஞானியின் உடல் சொல்லைக் குழிக்குள் இழுத்துக்கொண்டு போனது. அங்கே அது பக்கத்து வீட்டுச் சகவாசம்.

அதனால்தான் அங்கே சொல் ஒரு காலைச் சுடுகாட்டிலும் மறு காலைச் சாப்பாட்டு மேசையிலும் வைத்து நிற்கிறது. நம்மிடம், ஆன்மிக நூல்களையும் தண்டியலங்காரம் சொல்லும் 'சமாதி' என்ற செய்யுட்குணத்தையும் ஒதுக்கிவிட்டால், உயிரோடு இருப்பவருக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. கிரிக்கெட்டில் மூழ்கிய பிள்ளைக்கு ஆழ்தல், லயித்தல், ஒன்றிப்போதல் என்று வேறு சொற்களைத்தான் தேடுகிறோம்.

ஆகவே ஜப்பானிய நாவலைத் தமிழாக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதாநாயகன் டொகுஷோ ஜம்மாயில் இருக்கிறான் என்று வந்தால், வேர் ஒன்றுதானே என்று 'வாசிப்புச் சமாதி' என எழுதிவிடாதீர்கள். படிக்கிறவர் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.