கவ்வும் நாயும் மறிக்கும் நாயும்

பெரம்பூரில் ஓட்டேரி நல்லாவின் கரையோரமாகப் பன்றிகள் மேய்ந்துகொண்டிருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தெருநாய்கள் அவற்றைக் கண்டும் காணாமலும் கடந்து போகும். இன்று அதே தெருக்களில் காலை நடைக்கு யாராவது ஒருவர் ராஜபாளையம் நாயைக் கழுத்துப்பட்டையோடு அழைத்துச் செல்வதைப் பார்க்கிறோம். அது என்ன நாய் என்று கேட்டால் ஓர் ஊர்ப்பெயர் விடையாக வருகிறது. என்ன வேலைக்கு வளர்த்த நாய் என்று கேட்டால் 'வேட்டை நாய்' என்ற பொதுச்சொல்லோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த வேட்டை, அந்த வேட்டையில் அதன் பங்கு எது என்று அடுத்த கேள்வி கேட்டால் நமக்குச் சொல் அகப்படுவதில்லை. அந்தச் சிறிய இடைவெளியைப் பற்றியதே இக்கட்டுரை.

முயல் வேட்டையில் முயல் ஓடும். நாய் அதைவிட விரைந்து ஓடினால் வேட்டை முடிந்தது. காட்டுப்பன்றி அவ்வளவு எளிதில் முடிவதில்லை. துரத்தினால் ஓடும், ஓரளவுக்கு மேல் ஓடாமல், புதரையோ பாறையையோ பின்னால் வைத்துக்கொண்டு திரும்பி நிற்கும். அதன் கோரைப்பல் ஒரு வீச்சில் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். ஆகவே நாயைக் கொண்டு பன்றி வேட்டையாடிய எல்லா நாட்டிலும் வேலை மூன்றாகப் பிரிந்தது: தேடிக் கண்டுபிடித்தல், தப்பவிடாமல் மறித்து நிறுத்துதல், கவ்விப் பிடித்தல். மூன்று வேலைக்கும் மூன்று குணமுள்ள நாய்கள் வேண்டும்.

வேலை ஒன்றாக இருந்தும் பெயர்கள் ஒன்றாக இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மோப்பம் கண்டு பன்றியை எழுப்புவது 'ஸ்ட்ரைக்' நாய். எட்ட நின்று குரைத்து அதை நிறுத்துவது 'பே' நாய். காதையோ கன்னத்தையோ கவ்விப் பிடிப்பது 'கேட்ச்' நாய். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இவையே 'ஃபைண்டர்', 'பெய்லர்', 'ஹோல்டர்' ஆகின்றன. 'பே' என்பது குரைத்தலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'பெய்ல்' என்பதோ பால் கறக்கும்போது பசுவின் தலை அசையாமல் நிறுத்தி வைக்கும் சட்டத்தின் பெயர். ஒரே செயலுக்கு ஒரு நாட்டார் காதில் விழுந்த ஓசையைக் கொண்டு பெயரிட்டனர். மற்றொரு நாட்டார் தம் மாட்டுத்தொழுவத்திலிருந்து பெயரை எடுத்துவந்தனர். 'கேட்ச்' பற்றுகின்ற கணத்தைச் சொல்கிறது. 'ஹோல்ட்' பற்றியபின் விடாதிருக்கும் நேரத்தைச் சொல்கிறது. ஜெர்மானியர் பன்றியைத் தேடும் நாயை 'ஸௌஃபிண்டர்' என்றும், பற்றும் நாயை 'ஸௌபாக்கர்' என்றும் அழைத்தனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி விவகாரம் அன்று. எட்ட நின்று குரைக்கும் நாய்க்கும் பாய்ந்து கவ்வும் நாய்க்கும் இடையில், குரைத்துக்கொண்டே அவ்வப்போது கடித்தும் மிரட்டும் நாய் ஒன்று உண்டு. அதை 'ரஃப்' என்ற அடைமொழியோடு அமெரிக்கர் பிரித்துச் சொல்கின்றனர். கவ்வும் நாயை, குரைப்பொலி கேட்கும்வரை கயிற்றிலேயே வைத்திருப்பது அவர்கள் வழக்கம். மார்புக்கும் கழுத்துக்கும் தடித்த கவசம் அணிவித்தே அவிழ்த்துவிடுகின்றனர். எந்த நாய் எந்த வகை என்பதைச் சொல்லில் தவறவிட்டால், களத்தில் தவறுவது நாயின் உயிர்.

நம் நாட்டில் ஆங்கிலேயர் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டனர். 'ஹாக் ஹண்டிங்' என்று அவர்கள் இந்தியாவில் சொன்னது குதிரைமேல் அமர்ந்து ஈட்டியால் பன்றியைக் குத்தும் விளையாட்டு. பேடன் பவல் 1889இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த ஆட்டத்தின் நாயகர் குதிரையும் ஈட்டியும்தான். இன்று அமெரிக்காவில் அதே சொல்லைக் கேட்பவர் மனத்தில் நாய்க்கூட்டமும் எழுகிறது.

இந்திய நாய்க்கும் பன்றி வேட்டைக்கும் உள்ள உறவை ஆங்கிலேயருக்கு வெகுகாலம் முன்பே கிரேக்கர் அறிந்திருந்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய ஸெனஃபன், பன்றி வேட்டைக்கு வேண்டிய நாய்களாகச் சொல்லும் நான்கில் ஒன்று இந்திய நாய். லகோனிய நாய் ஒன்றை மட்டும் அவிழ்த்துத் தடம் தேடவிட்டு, மற்றவற்றைக் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்கிறார் அவர். தேடும் நாய் வேறு, மோதும் நாய் வேறு என்ற பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது.

இனி நம் பக்கம் வருவோம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நாம் குடியிருக்கும் இந்தத் தொண்டை நாட்டைச் சொல்லும் பாட்டு. அதில் வரும் வேட்டுவர் இரவில் நீர்நிலையருகே குழிக்குள் ஒளிந்து பன்றிக்குக் காத்திருக்கின்றனர். அது வாய்க்காதபோது பகலில் ஞமலியோடு சென்று, வலைகட்டி முயலை மடக்குகின்றனர். பன்றிக்குக் குழி, முயலுக்கு நாய் என்று புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வேலையைப் பிரித்துக் காட்டுகிறார். பெரியபுராணத்துத் திண்ணனாரின் வேட்டையிலோ நாய்களும் உண்டு, வலையும் உண்டு. ஆனால் வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றியைத் துரத்திச் சென்று வாளால் வீழ்த்துபவர் திண்ணனாரே. உடன் செல்பவர் நாணனும் காடனும்.

கல்வெட்டுகள் இன்னும் நெருங்கிப் பேசுகின்றன. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இறந்த வீரனோடு அவனது நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரை அது கடித்தது, காத்து நின்றது என்று கல் இரண்டு வினைகளால் சொல்கிறது. அது பன்றி வேட்டையன்று, எருமைகளைக் காக்கும் பூசல். ஆயினும் பாய்ந்து பற்றுதல், விலகாமல் நிற்றல் என்னும் இரண்டையும் ஏழாம் நூற்றாண்டுத் தமிழன் தனித்தனியே பார்த்திருக்கிறான். தருமபுரி, கொங்குப் பகுதிகளில் உள்ள பிற்காலப் 'பன்றிக்குத்திப்பட்டான்' கற்களில், பயிரைக் காக்கப் பன்றியோடு பொருது மாண்டவனைக் காண்கிறோம். சிலவற்றில் நாயும் பன்றியைக் கடித்து நிற்கிறது.

இப்போது நம் நாய்களின் பெயர்களைப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவை ஊர்கள். கன்னி என்பது நிறம். அதே கரிசல் பக்கத்தில் கறுப்பு உடலில் கோடு விழுந்த ஆட்டையும் பால்கன்னி, செங்கன்னி என்றே அழைக்கின்றனர். ஆங்கிலேயர் வைத்த 'பாலிகார்' என்ற பெயர் பாளையக்காரர் என்னும் உடைமையாளரைச் சுட்டுகிறது. ஊர், நிறம், எசமானன் என்று எல்லாம் பெயராயின. வேலை மட்டும் பெயராகவில்லை. தமிழில் நாயின் வேலை வினைச்சொல்லிலேயே தங்கியது. மோந்தது, மறித்தது, வளைத்தது, கவ்வியது என்று வேட்டை முடிந்து வந்தவன் சொன்ன பேச்சில்தான் அது வாழ்ந்தது. பெயர்ச்சொல்லை அஞ்சல்தலையில் அச்சிடலாம். 2005இல் இந்திய அஞ்சல்துறை ராஜபாளையம் நாய்க்கு அப்படியொன்று வெளியிட்டது. வினைச்சொல்லுக்கு வினை நடக்க வேண்டும்.

அந்த வினை இனி நடக்காது, நடக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்தது. பயிரை அழிக்கும் பன்றிகளைப் பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணையிட்டபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றைச் சுடும் பொறுப்பை வனத்துறையிடமே வைத்தது. அங்கே நாய்க்கு இடமில்லை. அதற்காக நாம் வருந்தவில்லை. வேட்டை போகட்டும், அதன் சொற்களும் கூடவே போக வேண்டுமா என்பதே நம் கேள்வி.

தொல்காப்பிய மரபியல் நாய்க்கும் பன்றிக்கும் குட்டியைக் குருளை என்ற ஒரே பெயரால் சொல்கிறது. பெண்ணுக்கும் பிணவு என்ற ஒரே பெயரைத் தருகிறது. துரத்துவதையும் துரத்தப்படுவதையும் ஒரே வரிசையில் வைத்து அவற்றின் பெயர்களைப் பேணிய மொழி நம்முடையது. 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தபின் பல மாவட்டத்தார் பெரம்பூரில் குடியேறினர். கரிசலிலிருந்தும் மேற்கு மலையடிவாரத்திலிருந்தும் வந்த பெரியவர்கள் நம் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் நாயின் பெயரைக் கேட்க வேண்டாம். பன்றி திரும்பி நின்றபோது உங்கள் ஊர் நாய் என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வினைச்சொல்லை, சொன்னபடியே எழுதி வையுங்கள்.